கோல்கீப்பர் வந்த வாரம்

சீனியம்மாள் மூன்று வருஷமாக ஒரே பொய்யைப் பிசகாமல் சொல்லிவந்தாள். சொந்த ஊர் எது என்று யார் கேட்டாலும், "மணிப்பூர்ல மொரேன்னு ஒரு ஊரு. அங்க தமிழாளுங்க நெறைய பேர் கீறாங்க" என்பாள். மொரே இந்தியாவில்தான் இருக்கிறது. அங்கே தமிழர்கள் இருப்பதும் நிஜம். ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், ரங்கூனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வரும் தன்லின் ஊரில். அங்கே அரசுப் பள்ளியில் பதினான்கு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இனி வேலைக்கு வர மாட்டோம் என்று நின்ற ஆசிரியர்களில் அவளும் ஒருத்தி. அவளோடு நின்ற தின் தின் டீச்சரை ஒரு காலையில் வண்டியில் ஏற்றிப் போனார்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய பட்டியலில் சீனியம்மாளின் பெயர் நான்காவதாக இருந்தது. காட்டு வழியாக எல்லையைக் கடந்தாள். மொரேயில் ஒரு மாதம் ஒளிந்திருந்துவிட்டு, ரயில் மாறி ரயில் மாறிச் சென்னை வந்து சேர்ந்தாள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தப்பி ஓடுகிறவளுக்கு அது ஒரு சௌகரியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் மனோகரன் அவளுக்குத் தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை. அவனுடைய அப்பா அறுபத்து நாலில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர். மனோகரனுக்கு மொய்ங்கா, பேஜோ என்று சாப்பாட்டுப் பெயர்களைத் தவிர ஒரு வார்த்தை பர்மியம் தெரியாது. அவள் யாரென்று அறிந்த ஒரே ஆள் அவன்தான். கடையில் வேலை கொடுத்து, எர்ணாவூரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஓர் அறையும் பார்த்துக் கொடுத்தான். மெட்ராஸ் பாஷையும் அவனிடம்தான் கற்றாள். வாய் நிறைய அதைப் பேசினால் யாரும் காகிதம் கேட்பதில்லை என்று கண்டுகொண்டிருந்தாள்.

கேட்டால் காட்ட அவளிடம் ஒரு காகிதமும் கிடையாது. காக்கிச் சட்டை தெருவில் போனால் போதும், கடைக்குள் குனிந்து பாத்திரம் தேய்க்கத் தொடங்கிவிடுவாள். கணக்கெடுக்க வருகிறவர்கள், கொசு மருந்து அடிக்க வருகிறவர்கள், கேஸ் புத்தகம் பார்க்க வருகிறவன், எல்லோருமே அவளுக்குப் போலீஸ்தான். பிடித்தவர்களை வண்டியில் ஏற்றி எல்லையில் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று எங்கோ கேட்டதிலிருந்து, சாலையில் கம்பி வலை போட்ட வேன் நின்றால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பெண்கள் வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மணலிச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் மிசோரம் பெண்கள். நாலு பேர் பழகிய முகங்கள். ஐந்தாவது பெண் புதிது. சீனியம்மாள் வெங்காயத்தைப் பொரித்துக்கொண்டே ஏறிட்டுப் பார்த்தாள்.

நல்ல உயரம். ஆண்பிள்ளைத் தோள். இடது புருவத்தை இரண்டாக வெட்டிப் போட்ட ஒரு தழும்பு.

எண்ணெயில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. சூய் பார்.

பர்மாவில் சூய் பாரின் முகம் ஒட்டாத டீக்கடை கிடையாது. பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் ஆடிய ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தை, சீனியம்மாளின் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து டி.வி.யில் காட்டினார்கள். ஆட்டம் சமமாக முடிந்து, பெனால்டி வரை போனது. சூய் பார் இரண்டு பந்துகளைத் தடுத்தாள். இரண்டாவதை வலது கையின் விரல் நுனியால் தட்டிவிட்டாள். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத சீனியம்மாளும் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினாள். அந்த வருஷம் அவள் வகுப்பறையில் மாட்டிய காலண்டரில் சூய் பார் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

ராணுவ ஆட்சி வந்த மூன்றாம் மாதம் பத்திரிகையில் வேறொரு படம் வந்தது. ஒரு தளபதி கார் சாவியைக் கொடுக்கிறார். சூய் பார் தலையைக் குனிந்து இரண்டு கைகளாலும் வாங்குகிறாள். அப்போது தின் தின் டீச்சர் சிறைக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. சீனியம்மாள் பழைய காலண்டரைத் தேடி எடுத்து நாலாகக் கிழித்தாள்.

அந்தச் சூய் பார் திருவொற்றியூரில் ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து அத்தோ சாப்பிட வேண்டிய அவசியம் என்ன? ராணுவத்தாரின் கிளப்பில் ஆடியவள். ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடிக்க வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்று சீனியம்மாள் கேள்விப்பட்டிருந்தாள். அப்படி அனுப்புகிறவர்கள், யாரும் சந்தேகப்படாத ஆளைத்தானே அனுப்புவார்கள்?

இதை நினைத்தபடி கரண்டியை எடுத்ததில் எண்ணெய் சிதறி மணிக்கட்டில் தெறித்தது.

"அமலே!" என்று கத்திவிட்டாள்.

நம் ஊரில் 'ஐயோ அம்மா' என்பதுபோல அது பர்மியர்களின் வாயில் தானாக வருகிற சொல். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மற்ற நாலு பெண்களும் பேச்சு மும்முரத்தில் இருந்தார்கள். ஐந்தாவது பெண் மட்டும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். எழுந்து போகும்வரை அவள் பார்வை சீனியம்மாளை விட்டு அகலவில்லை.

"இன்னா தங்கச்சி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றான் மனோகரன்.

"எண்ணெ பட்டுடுச்சுண்ணே" என்றாள். ராத்திரி பூராவும் அவளுக்குத் தூக்கம் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சூய் பார் தனியாக வந்தாள். கடைக்கு வரவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம், பூட்டிய ஒரு செருப்புக் கடை வாசலில் நின்றாள். குளிர்காலத்தில் போடுகிற மாதிரி, பனியன் துணியில் ஒரு முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள். சென்னையின் புழுக்கத்தில் ஜாக்கெட்! வலது கை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் இருந்தது. வெளியே எடுக்கவே இல்லை. போன் வைத்திருக்கிறாள், படம் பிடிக்கிறாள் என்று சீனியம்மாள் நினைத்தாள். முட்டைகோஸை அரிந்த கத்தி விரலுக்கு மிக அருகில் விழுந்தது. மனோகரன் மாவு மில்லுக்குப் போயிருந்தான். பெஞ்சில் இருந்த கடைசி ஆளும் கையைக் கழுவிவிட்டுப் போனதும் சூய் பார் சாலையைக் கடந்து வந்தாள்.

"சயாமா" என்றாள்.

டீச்சர் என்று அர்த்தம். பர்மாவில் முன்பின் தெரியாத பெண்ணை மரியாதையாகக் கூப்பிடவும் அதே சொல்தான். கடைக்காரியைக்கூட அப்படிக் கூப்பிடுவார்கள். இது சீனியம்மாளுக்குத் தெரியாதா? ஆனால் அந்த நேரத்தில் அவள் காதில் ஒரே அர்த்தம்தான் விழுந்தது. இவளுக்கு நான் டீச்சர் என்று தெரிந்திருக்கிறது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"இன்னா வேணும்? அத்தோவா, சூப்பா?" என்றாள் தமிழில். குரல் யாருடையதோ போல் இருந்தது.

சூய் பார் பர்மியத்தில் தாழ்ந்த குரலில், "நான் உங்களோட ஒரு நிமிஷம் பேசணும்" என்றாள்.

"புரியலம்மா. நீ பேசறது எனக்கு ஒண்ணும் புரியல."

"சனிக்கிழமை நீங்க..."

சீனியம்மாள் அடுப்பை அணைத்தாள். பின்பக்கச் சந்து வழியாக வெளியேறி, வழியில் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். கடை அப்படியே திறந்து கிடந்தது.

செவ்வாயும் புதனும் அவள் அறையை விட்டு இறங்கவில்லை. காய்ச்சல் என்று மனோகரனுக்குப் போனில் சொன்னாள். மணலிப் பக்கக் காற்று வீசி அறையெல்லாம் கெட்ட வாடை அடித்தபோதும் ஜன்னலைத் திறக்கவில்லை. ஒரு பையில் இரண்டு சேலையையும் பழைய பள்ளி அடையாள அட்டையையும் வைத்துக் கட்டினாள். அந்த அட்டையை எரித்துவிடலாமா என்று யோசித்து, மனசு வராமல் மறுபடி பைக்குள் வைத்தாள். எங்கே போவது? பெங்களூரா? அங்கே யாரைத் தெரியும்? பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இரண்டு நாள் போனது.

வியாழக்கிழமை காலை மனோகரன் போன் செய்தான்.

"சீனி, ஒடம்பு எப்டி கீது? அந்த மிசோரம் பொண்ணு மூணு நாளா உன்னியே கேட்டுக்கினு வருது. பாஷை புரியல, ஜாடை காட்டி காட்டி அழுவுது. பாக்கவே பேஜாராப் பூட்சு. அதான் உன் வூட்டு அட்ரஸ ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தேன்."

போனைக் கட்டிலில் வைத்தாள். கதவின் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டாள். விளக்கையும் விசிறியையும் நிறுத்திவிட்டுச் சுவரோடு சுவராகத் தரையில் உட்கார்ந்தாள்.

பதினொரு மணி வாக்கில் படியில் காலடி கேட்டது. மெதுவாக ஏறி வந்தது. இடையில் நின்று நின்று வந்தது. பிறகு கதவில் தட்டும் சத்தம்.

"சயாமா."

சீனியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

வந்தவள் மறுபடி தட்டினாள். பிறகு ஏதோ பர்மியத்தில் முணுமுணுத்தாள். பிறகு சத்தமே இல்லை. போய்விட்டாள் என்று நம்பிக் கதவிடுக்கில் கண்ணை வைத்தபோது, படிக்கட்டில் அவள் முதுகு தெரிந்தது. உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் வருகிறவரை காவல் இருக்கிறாள். இப்போது கீழே வேன் வந்து நிற்கும். எத்தனை பேர் ஏறி வருவார்கள்? ஜன்னல் வழியாகக் குதித்தால் மூன்று மாடி. கம்பி வேறு போட்டிருக்கிறது.

அரை மணி போயிருக்கும். எதிர் வீட்டு மலரின் குரல் கேட்டது. மலர் மீன் வியாபாரம் முடித்து அந்த நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள்.

"யாரும்மா நீ? இங்க இன்னாத்துக்கு குந்திக்கினு கீற?" என்றவள், அடுத்த நொடி அலறினாள். "யக்கா! சீனியக்கா! கதவத் தொற! இந்தப் பொண்ணு கையி அழுவிப் போய்க் கீதுக்கா! நாத்தம் தாங்கல! மயக்கம் போட்டுடும் போல!"

சீனியம்மாளுக்கு அப்போதும் கதவைத் திறக்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஒருவேளை இதுவும் தந்திரமோ என்று நினைத்தாள். ஆனால் மலர் பொய் சொல்லத் தெரியாதவள். கீழ்த் தாழ்ப்பாளை நீக்கி, மேல் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திறந்தாள்.

சூய் பார் சுவரில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். ஜாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்த வலது கை மடியில் இருந்தது. கறை படிந்த துணி ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். அதற்கு வெளியே தெரிந்த நடுவிரலும் மோதிர விரலும் விரல் நிறத்திலேயே இல்லை. மணிக்கட்டு வரை வீங்கிப் பளபளத்தது.

"கன்டெய்னர் கதவு" என்றாள் பர்மியத்தில். "ஞாயித்துக்கிழமை. மேஸ்திரி மாத்திரை கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும், எல்லாரும் மாட்டிப்போம்னு சொன்னார். எனக்கும் கூட இருக்கறவங்களுக்கும் இந்த ஊர் பாஷை தெரியாது. நீங்க ஒருத்தர்தான்..."

திங்கட்கிழமை பாக்கெட்டுக்குள் இருந்தது இந்தக் கை.

சீனியம்மாள் அவள் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "எழுந்திரு. போகலாம்" என்றாள் பர்மியத்தில். மூன்று வருஷத்தில் அந்தப் பாஷையில் அவள் இன்னொருவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது. மலர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் ஆட்டோ பிடிக்கக் கீழே ஓடினாள்.

பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். "எப்ப அடிபட்டது?"

"ஞாயித்துக்கெழம சார்."

"நாலு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? திங்கக்கிழமை கூட்டிட்டு வந்திருந்தாக்கூட விரலக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப ரெண்டு விரலும் எடுக்கணும். இல்லேன்னா கையே போயிடும். வேலை செய்யற இடத்துல பட்ட அடி, போலீஸுக்குத் தகவல் எழுதணும். ஏட்டு வருவார், சொல்லுங்க."

இப்போதே எழுந்து போய்விடலாம். அவள் முகம் இந்த ஊர் முகம், பேச்சு இந்த ஊர்ப் பேச்சு. கூட்டத்தில் கலந்துவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சூய் பாருக்கு அந்த வழியும் இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்த அவள் இடது கையால் சீனியம்மாளின் சேலை மடிப்பைப் பிடித்திருந்தாள். பிடி ஒன்றும் பலமாக இல்லை. உருவிக்கொண்டு போக எவ்வளவு நேரமாகும்? சீனியம்மாள் வாசலைப் பார்த்தாள். ஏட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

ஐம்பது வயசிருக்கும். சட்டையில் இக்னேஷியஸ் என்று பெயர். நீளமான புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பேரு?"

"சூய் பார் சார்."

"எந்த ஊரு?"

"மிசோரம் சார். அதுக்கு தமிழ் தெரியாது."

"ஆதாரு?"

"ரூம்ல கீது சார். நாளைக்கு எட்டாந்து காட்டறேன்."

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரில் இருந்தவளை நன்றாகப் பார்த்தார். உயரத்தைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். புருவத் தழும்பைப் பார்த்தார்.

"மிசோரமா? அங்க பொம்பளப் புள்ளைங்ககூட ஃபுட்பால் பிரமாதமா ஆடுமாமே. நான் ராயபுரம்மா, சின்ன வயசுல ஸ்டேட் லெவல் வரைக்கும் போனவன். இதோட கையப் பாரு, அந்த இன்னோரு கைய. எவ்ளோ நீளம்! கோல்கீப்பர் கை இது. ஆடுமா இந்தப் பொண்ணு?"

சூய் பார் கண்ணைத் திறந்திருந்தாள். அவ்வளவு நேரப் பேச்சில் அவளுக்கு விளங்கிய சொற்கள் ஃபுட்பாலும் கோல்கீப்பரும்தான். அவள் பார்வை ஏட்டிடமிருந்து சீனியம்மாளுக்கு வந்தது. என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்பதுபோல இருந்தது.

"இல்ல சார்" என்றாள் சீனியம்மாள். "இதுக்கு பந்தே புடிக்கத் தெரியாது."

"அப்டியா? ஆள் வாட்டத்தப் பாத்து சொன்னேன்." ஏட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். "நீ யாரு இதுக்கு?"

"நாங்க அத்தோ கடை வெச்சிக்கிறோம் சார். சாப்ட வர்ற பொண்ணு. பாவம்னு இட்டாந்தேன்."

"உன் பேரு, வூட்டு விலாசம் சொல்லு."

பொய்ப் பெயர் ஒன்று சொல்லத்தான் நினைத்தாள். பயத்தில் ஒரு பெயரும் வாயில் வரவில்லை. சொந்தப் பெயரையும், எர்ணாவூர் விலாசத்தையும் அப்படியே சொன்னாள். காக்கிச் சட்டைக்காரர் அதை நிதானமாக, எழுத்துக்கூட்டி, நீலப் பேனாவால் எழுதிக்கொண்டு போனார்.

அறுவைக்கு அழைக்கும்வரை இருவரும் நடைக்கூடத்தில் காத்திருந்தார்கள். ஊசி போட்டதில் வலி கொஞ்சம் அடங்கியிருந்தது.

"என்னைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. அதான் ஓடினீங்க" என்றாள் சூய் பார். "கார் விஷயம்தானே?"

சீனியம்மாள் தலையசைத்தாள்.

"வாங்கினேன். எங்க அப்பாவ முகாம்ல அடைச்சு வெச்சு மிரட்டினாங்கன்னு சொன்னா நீங்க மன்னிச்சிடுவீங்க. ஆனா அப்பா வீட்டுலதான் இருந்தார். யாரும் என்னை மிரட்டலை. மாட்டேன்னு சொல்லப் பயமா இருந்துச்சு, அவ்வளவுதான். அப்புறம் தம்பியப் பட்டாளத்துக்கு எடுக்க வந்தாங்க. அன்னைக்கே காரை வித்துட்டு ரெண்டு பேரும் மிசோரம் வந்துட்டோம். அவன் டெல்லியில இருக்கான், நான் இந்தப் பொண்ணுங்களோட வேலைக்கு இங்க வந்தேன்."

"திங்கக்கிழமை உன் கை பாக்கெட்ல இருந்துது. நீ என்னைப் படம் பிடிக்கறேன்னு நினைச்சேன்." அதைச் சொல்லும்போது சீனியம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அன்னைக்கே நான் கூட்டிட்டு வந்திருந்தா..."

"நானும்தான் உங்களைப் பார்த்துப் பயந்தேன். பர்மியம் தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்கறாங்களே, இவங்க யாரா இருக்கும்னு. வலி ஜாஸ்தியாச்சு, வேற வழியில்லாம உங்க வீட்டுக்கு வந்தேன்."

தின் தின் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. நர்ஸ் வந்து கூப்பிட்டாள். சக்கர நாற்காலி திரும்பியபோது சூய் பார் தன் வலது கையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

இரண்டு விரல்களும் போயின.

ஆஸ்பத்திரியில் ஆறு நாளும், அதற்குப் பிறகு எர்ணாவூர் அறையில் பதினைந்து நாளும் சீனியம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டாள். ஊட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள், கட்டு மாற்றினாள். விளையாட்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆதாரைக் காட்ட அவர்கள் போகவே இல்லை. ஏட்டு எந்த நாளும் படியேறி வரலாம் என்று இருவரும் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தார்கள். அவர் வரவில்லை. மறந்தாரா, புரிந்துகொண்டு விட்டுவிட்டாரா, இல்லை அவர் எழுதிய தாள் இன்னும் யார் மேஜையிலோ நகர்ந்துகொண்டிருக்கிறதா? யாருக்குத் தெரியும்? கன்டெய்னர் யார்டு மேஸ்திரி கணக்கை முடித்துக்கொள்ளும்படி மற்ற பெண்கள் மூலம் சொல்லி அனுப்பினான். மனோகரன்தான் நேரில் போய் உரக்கச் சத்தம் போட்டு, அவள் துணிமணிகளையும் பாக்கிச் சம்பளத்தையும் வாங்கி வந்தான்.

தம்பி வந்து சூய் பாரை டெல்லிக்கு அழைத்துப்போனான். அங்கே ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் பதிந்துகொண்டால் ஓர் அட்டை கொடுப்பார்களாம். ரொம்ப நாள் ஆகுமாம். ஆனாலும் பதிந்தவர்களைத் திருப்பி அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை என்று தம்பி சொன்னான்.

அவள் டெல்லியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "உங்க பேரையும் எழுதிக் கொடுக்கட்டுமா?" முதல் தடவை வேண்டாம் என்றாள் சீனியம்மாள். இரண்டாம் தடவையும் அப்படியே. ஒரு காகிதத்தில் பெயர் ஏறினால் அது எங்கெல்லாம் போகும் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சுவரில் கண்ணால் பார்த்தவள்.

மூன்றாம் தடவை போன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடையில் நல்ல கூட்டம். பெஞ்சில் அரை டஜன் துறைமுக லாரி டிரைவர்கள்.

"தம்பி ஃபாரத்தோட அலுவலக வாசல்ல நிக்கறான்" என்றாள் சூய் பார். "என்ன சொல்லட்டும்?"

சீனியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. சுற்றிலும் இருந்த ஆறு ஜோடிக் காதுகளும் அவளுக்குத் தெரிந்தன. சந்துப் பக்கம் போய்ப் பேசலாம் என்று ஓரடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள். அங்கேயே, அடுப்படியிலேயே, பர்மியத்தில் பேசத் தொடங்கினாள்.

"எழுதிக்கச் சொல்லு. பேர் சீனியம்மாள். அப்பா பேர் சந்தனம். பிறந்த ஊர் தன்லின். வேலை..." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அரசுப் பள்ளி ஆசிரியை."

டிரைவர்களில் ஒருவன் தலையைத் திருப்பினான். "இன்னா பாஷை மாமு இது? இந்தக்கா இன்னா பேசுது? அத்தோ வருமா வராதா?"

மனோகரன் அடுப்பைத் தணித்தான். "கொஞ்சம் குந்து நைனா. என் தங்கச்சி அவுங்க ஊருக்காரங்களாண்ட பேசிக்கினு கீது. முடிச்சிட்டு வரும்" என்றான்.